நாலாவது சரணம்

பிளிமத் வண்டி என்னுடையது. பெட்ரோல் அவருடையது.
ஏழு கோடைகள் இப்படி ஓடின.
பின்சீட்டில் கிடார், படுக்கவைத்து, கம்பளி போர்த்தி.
முன்சீட்டில் ஹெப்சிபா அம்ஸ்டெட்.
மடியில் கைப்பை, பைக்குள் அவித்த முட்டை, உப்புப் பொட்டலம்,
முன்பணம் தராமல் இழுத்தடித்த ஊர்களின் பட்டியல்.

பதினான்கு வயதில் டர்ஹமில்
புகையிலைக் காம்பு கிள்ளும் வேலை.
ஏலம் நடக்கும் மாதங்களில் கிடங்கு வாசலில் வாசிப்பு.
இலை விற்ற காசு சட்டைப்பையில் சூடாறுவதற்குள்
விவசாயியைச் சிரிக்கவைக்க வேண்டும்,
இல்லை அழவைக்க வேண்டும்.
"அழவெச்சா அஞ்சு சென்ட் கூட."

இரண்டே விரல்.
கட்டைவிரல் விடிந்ததும் வேலைக்குப் போகும்,
போன வழியே திரும்பி வரும்.
ஆள்காட்டி விரல் ஊர் சுற்றும்,
கடன் வாங்கும், கண்ட கதவைத் தட்டும்,
கோழி கூவும் நேரத்தில்
செருப்பைக் கையில் பிடித்தபடி உள்ளே நுழையும்.
இரண்டும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியதுதான்
அவர் பாட்டு.

முப்பத்தாறில், சார்லட்டில், ஒரு ஹோட்டல் அறை.
சரக்கு லிஃப்டில் ஏற்றி அழைத்துப் போனார்கள்.
தெருச்சத்தம் உள்ளே வராமல்
ஜன்னலில் மெத்தையைச் சாத்தியிருந்தார்கள்.
அந்த மெத்தையில் அவர் படுக்கக் கூடாது.
பாட்டு போய் மோதலாம்.
சிவப்பு பல்பு எரிந்தால் முடித்துவிட வேண்டும்.
பாட்டுக்கு நான்கு சரணம்.
மூன்றாவதில் பல்பு எரிந்தது.
பக்கத்துக்குப் பதினைந்து டாலர்.
லேபிளில் பேர்: ஹெப்சி ஆர்ம்ஸ்டெட்.

அந்த இசைத்தட்டை அவர் கேட்டது ஒரே ஒரு முறை,
முடிதிருத்தும் கடை வாசலில், பஸ்ஸுக்கு நின்றபோது.
இரண்டாவது சரணத்தில் பஸ் வந்தது.
ஏறிவிட்டார்.

பிறகு இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
பிறக்கவே பிறக்காத ஓர் ஆர்ம்ஸ்டெட்டை
காலேஜ் பையன்கள் மூன்று மாநிலங்களில் தேடினார்கள்.
ஒரு கல்லறையில் பூ கூட வைத்தார்கள்.
யாருடையதோ.

கடைசியில் வீட்டைக் கண்டுபிடித்து வந்தவர்களிடம்
வாய்தவறிச் சொல்லிவிட்டார், இன்னொரு சரணம் உண்டென்று.
அதன்பின் போன இடமெல்லாம் அதே கேள்வி.
பஃபலோவில் அது ஓடிப்போன புருஷன்.
ஆன் ஆர்பரில் ஒரு கோவேறு கழுதை.
பாஸ்டனில் செத்துப்போன குழந்தை. அரங்கமே மூச்சடங்கியது.
(பிள்ளைகள் நால்வரும் நன்றாக இருந்தார்கள்.
மூத்தவனுக்குத் தபால் இலாகாவில் வேலை.)
ஒரு பேராசிரியர் பதினோரு வடிவங்களை
அடிக்குறிப்புகளோடு அச்சிட்டார்.

கூட்டம் எப்போதும் ஒன்றிலும் மூன்றிலும் கைதட்டும்.
அவர் கால் இரண்டிலும் நான்கிலும்.
ஓர் இரவு, முறைக்கவில்லை, நிறுத்தவில்லை,
நடுவில் ஒரே ஒரு தட்டை விழுங்கினார்.
ஆயிரத்து இருநூறு பேர் சரியாகிவிட்டார்கள்.
ஒருவருக்கும் தெரியாது.
இறங்கி வந்து என்னிடம் கேட்டார்:
"முட்டை மீதி இருக்கா?"

எழுபத்தொன்றில், வர்ஜீனியா தாண்டும்போது, பேய்மழை.
வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது.
முணுமுணுப்பாக அந்தப் பாட்டு.
முதல் சரணம். இரண்டு. மூன்று.
பிறகு குரல் நான் கேட்டிராத பக்கம் திரும்பியது.
ஏதோ ஒரு பெயர். ஆணுடையதா, ஊருடையதா?
சரியாகக் கேட்கட்டும் என்று
வைப்பரை அணைத்தேன்.

பாட்டு நின்றது.

கண்ணாடி முழுக்க வெள்ளம்.
"போடு அதை" என்றார்.
போட்டேன்.
போய் வந்தது, போய் வந்தது,
அவர் கட்டைவிரல் மாதிரியே.
பத்து மைல் காத்திருந்தேன்.

"டர்ஹம் இன்னும் எவ்வளவு தூரம்?" என்றார்.